பூசணிக்காயில் கிரிக்கெட் ஆடும் அத்தை: சுகுமார் ராய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாக நான்கு வருடம் கொல்கத்தாவில் இருந்தேன். எனக்கு வங்காளம் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டி பாடப்புத்தகம் எதையும் எடுக்கவில்லை. சுகுமார் ராயின் கவிதைப் புத்தகத்தைத்தான் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு, எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை படிக்க ஆரம்பித்தேன். அந்தப் புத்தகமும் என்னோடு மாடியேறியது.

பிள்ளைகளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. கூட வந்து உட்கார்ந்த அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிகளுக்குத்தான் வந்தது. ஒரே கேள்வி வாராவாரம் வேறு வேறு வாயிலிருந்து வருவதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

சுகுமார் ராய் யாருங்க? சினிமா எடுத்த சத்யஜித் ராய்க்குச் சொந்தமா?

அப்பா. வெளியுலகம் மகனை வைத்து அப்பாவைத் தெரிந்துகொள்கிறது. வங்காளத்துப் பிள்ளைகளுக்கு அது தலைகீழ். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே சுகுமார் அறிமுகமாகிவிடுவார், சினிமா எல்லாம் அப்புறம்தான்.

1887 அக்டோபர் 30-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பூர்வீகம் மைமன்சிங் பக்கத்து மசூவா கிராமம், இன்றைக்கு அது வங்காளதேசத்தில் இருக்கிறது. அப்பா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி குழந்தைகளுக்கு எழுதியவர், படம் வரைந்தவர், வயலின் வாசித்தவர். அக்கா சுகலதாவும் தங்கை புண்யலதாவும் எழுத்தாளர்கள். அம்மாவின் சிற்றன்னை காதம்பினி கங்குலி, இந்தியாவில் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர், டாக்டர். தாகூர் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர். அவருடைய 'ராஜரிஷி' நாவலில் ஹாசி, தாதா என்று இரண்டு குழந்தைகள் வருவார்கள். வீட்டில் சுகலதாவையும் சுகுமாரையும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

இறந்தது 1923 செப்டம்பர் 10. வயது 35.

எழுத்தாளர்னு ஒருத்தர் சொல்றார், ஓவியர்னு ஒருத்தர், பிரஸ் வச்சிருந்தவர்னு இன்னொருத்தர். எது சரி?

மூன்றும் சரி. இவரைப் புரிந்துகொள்ள மூன்றாவதை விட்டுவிடக் கூடாது என்பேன். கதை அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. குழந்தைகளுக்காக அவர் எழுதிய ராமாயணத்துக்கு ஆசையாகப் படங்கள் வரைந்தார். அந்தக் காலத்தில் படத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிடுவார்கள். செதுக்கியவர் கையில் படங்கள் சிதைந்து போயின. மனம் நொந்தவர் சும்மா இருக்கவில்லை. 1895-இல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்துத் தாமே பிளாக் (படத்தை அச்சிட உதவும் உலோகத் தகடு) செய்யக் கற்றுக்கொண்டார். ஹாஃப்டோன் என்பது புகைப்படத்தின் சாம்பல் நிறங்களைப் பொடிப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் முறை. பழைய வாரப்பத்திரிகைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தப் புள்ளிகள் தெரியும். அதில் உபேந்திரகிஷோர் செய்த ஆராய்ச்சிகளை லண்டன் அச்சுத்தொழில் ஆண்டுமலர் வெளியிட்டது.

மகன் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் ஆனர்ஸ் முடித்தார். 1911-இல் உதவித்தொகை கிடைத்து லண்டன் போய்ப் புகைப்படக் கலையும் பிளாக் செய்யும் தொழிலும் படித்தார், அப்புறம் மான்செஸ்டரிலும் படித்தார். 1913-இல் திரும்பி வந்து குடும்பத் தொழிலான 'யூ. ராய் அண்ட் சன்ஸ்' அச்சகத்தில் சேர்ந்தார். ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1922-இல் அவரை ஃபெலோ ஆக்கியது. எழுதுவது, படம் வரைவது, அந்தப் படம் காகிதத்தில் எப்படி விழும் என்று கணக்குப் போடுவது மூன்றும் ஒரே மேசையில் நடந்தன.

சந்தேஷ்னு பத்திரிகை நடத்தினாராமே? அது இனிப்புப் பேராச்சே?

இனிப்புதான். சந்தேஷ் என்றால் பால் திரித்துச் செய்யும் வங்காளத்து இனிப்பு, செய்தி என்றும் பொருள். காளிதாசரின் மேகசந்தேசத்தில் வரும் அதே சந்தேசம். இனிப்பும் சேதியும் ஒரே சொல்லில் இருப்பதால் அப்பா 1913-இல் தொடங்கிய குழந்தைகள் மாத இதழுக்கு அந்தப் பெயரை வைத்தார். 1915 டிசம்பரில் அவர் காலமானார். 28 வயது மகன் தலையில் பத்திரிகை, அச்சகம் இரண்டும் வந்து இறங்கின.

மாதாமாதம் பக்கம் நிரப்ப வேண்டும். கவிதை, நாடகம், பள்ளிக்கூடக் கதை, விடுகதை எழுதினார். ஆர்க்கிமிடீஸ், கலிலியோ, பாஸ்டர் ஆகியோரின் வாழ்க்கைக் கதைகளும் எழுதினார். படங்களும் அவரே. இன்று நாம் புத்தகமாகக் கையில் வைத்திருப்பதில் பெரும்பகுதி அப்படி இதழுக்காக எழுதியதுதான். 'நேரம் கிடைத்தால் எழுதுவேன்' என்று என்னிடம் சொல்லும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆபோல் தாபோல்னா என்ன அர்த்தம்? எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கன்னாபின்னா என்று சொல்கிறோமே, அதுதான். ஆபோல் தாபோல் பேசுகிறான் என்றால் தலையும் வாலும் இல்லாமல் பேசுகிறான் என்று பொருள். அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயர் அது.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 'போம்பாகட் ராஜா'விலிருந்து ஆரம்பியுங்கள். அந்த ராஜ்யத்தில் மாம்பழத் திரையை (மாம்பழக் கூழைக் காயவைத்த தகடு) வறுத்துச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள், ராணி தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டிருப்பாள், ராஜாவின் அத்தை பூசணிக்காயை வைத்துக் கிரிக்கெட் ஆடுவாள். அத்தை என்ற சொல் வந்ததும் எங்கள் மாடியில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அத்தை இருக்கிறாளே.

பெரியவர்களுக்கு 'மீசைத் திருட்டு'. தலைமை அலுவலகத்துப் பெரிய பாபு சாதுவான மனிதர். நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து, தன் மீசையை யாரோ திருடிவிட்டார்கள் என்று கத்துகிறார். ஒருவர் வைத்தியரைக் கூப்பிடு என்கிறார், இன்னொருவர் போலீசைக் கூப்பிடு என்கிறார். கண்ணாடியைக் காட்டுகிறார்கள், மீசை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் ஏற்பதாக இல்லை. இந்தத் துடைப்பக்கட்டை மீசை என்னுடையதா, இது ஷ்யாம்பாபு வீட்டுப் பால்காரன் வைத்திருந்த மீசை என்று குதிக்கிறார். கடைசியில், மனிதனுக்கு மீசை சொந்தமில்லை, மீசைக்குத்தான் மனிதன் சொந்தம், மீசையை வைத்துத்தான் ஆளை அடையாளம் தெரிகிறது என்று முடிவு கட்டுகிறார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் பக்கத்து ஃபிளாட்காரர் இதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இதெல்லாம் வெறும் உளறல்தானே? நீதி ஒண்ணும் இல்லையே, பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்?

அதிகம் பேர் கேட்டது இதுதான். அவரே புத்தகத்தின் முகப்பில் சின்னதாக ஒரு சமாதானம் எழுதி வைத்திருக்கிறார். விசித்திரமானது, கோணலானது, நடக்கவே முடியாதது, இவற்றை வைத்துத்தான் இந்தப் புத்தகத்தின் வியாபாரம். இது 'கேயால் ரச'ப் புத்தகம். அந்த ரசம் பிடிக்காதவர்களுக்காக இது எழுதப்படவில்லை. இவ்வளவுதான் அதன் சாரம். கேயால் என்றால் மனம் போன போக்கு. நவரசத்தில் இதற்கு இடம் இல்லை, அதனால் பத்தாவதாக ஒன்றை அவரே சேர்த்துக்கொண்டார்.

ஆனால் உளறல் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உளறலில் ஒழுங்கு இருக்காது. இவருடைய கவிதைகளில் ஒழுங்கு இம்மி பிசகாது. 'ஹுங்கோமுகோ ஹ்யாங்லா' என்று ஒரு பிராணி. அது ஏன் எப்போதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது? அதற்கு இரண்டு வால். வலது பக்கம் ஈ உட்கார்ந்தால் வலது வாலால் அடிக்க வேண்டும், இடது பக்கம் என்றால் இடது வால். சட்டம் அப்படி. நட்டநடு முதுகில் உட்கார்ந்தால் எந்த வால்? இதுதான் அதன் தீராத கவலை. இதைப் படித்த அன்று எட்டு வயதுப் பையன் ஒருவன், மூன்றாவது வால் வைத்துவிடலாம் என்றான். அவன் தங்கை உடனே, அப்போது நடு வாலுக்கும் வலது வாலுக்கும் நடுவில் உட்காருமே என்றாள். அவளுக்கு வயது ஆறு. பிரயோஜனம் எது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

ஹஜபரலன்னு ஒரு கதைப்புத்தகம் சொன்னீங்களே, பேரே வாயில நுழையலை. அது என்ன கதை?

பெயரை முதலில் பார்த்துவிடலாம். சமஸ்கிருத இலக்கணத்தில் மாகேசுவர சூத்திரங்கள் என்று எழுத்து வரிசை ஒன்று உண்டு, அதில் 'ஹ ய வ ர' என்றும் பிறகு 'ல' என்றும் வரும். வங்காள நாக்கில் ய என்பது ஜ ஆகும், வ என்பது ப ஆகும். ஆக, ஹ-ஜ-ப-ர-ல. அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் என்பதால் வீடு அலங்கோலமாகக் கிடந்தால்கூட 'ஹஜபரல' என்பார்கள்.

வெயில் கொளுத்தும் மத்தியானம். மரத்தடியில் படுத்திருக்கும் பையன் வியர்வை துடைக்கப் புல்லின் மேல் கிடந்த கைக்குட்டையை எடுக்கப் போகிறான். கைக்குட்டை 'மியாவ்' என்கிறது, கொழுத்த பூனையாக ஆகியிருக்கிறது. வெயில் தாங்கவில்லை என்றால் திபெத்துக்குப் போயேன், நேர் வழிதான், ஒன்றேகால் மணி நேரம் என்று அந்தப் பூனை யோசனை சொல்கிறது. கொல்கத்தா, டயமண்ட் ஹார்பர், ராணாகாட், திபெத். தீர்ந்தது! (டயமண்ட் ஹார்பர் கொல்கத்தாவுக்குத் தெற்கே இருக்கிறது, ராணாகாட் வடக்கே.)

அப்புறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். சிலேட்டில் கணக்குப் போடும் ஒரு காக்கை, ஏழு இரண்டு எவ்வளவு என்று கேட்கிறது. பையன் பதினான்கு என்கிறான். தப்பு, ஃபெயில் என்கிறது காக்கை. பிறகு அதுவே பதினான்கு என்று எழுதுகிறது. பையன் சண்டைக்குப் போனால் காக்கை விளக்கம் சொல்கிறது: நீ சொன்னபோது முழுசாகப் பதினான்கு ஆகவில்லை, அப்போது பதின்மூன்று ரூபாய் பதினான்கு அணா மூன்று தம்படிதான் (ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி). சரியான நேரம் பார்த்து நான் டக்கென்று எழுதியிருக்காவிட்டால் பதினான்கு ரூபாய் ஒரு அணா ஒன்பது தம்படி ஆகியிருக்கும். இதே கதையில் ஒரு கிழவர், நாற்பது வயது ஆனதும் வயதைத் திருப்பிவிடுவோம், முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே போகும், இப்போது எனக்குப் பதின்மூன்று என்கிறார். என் மாமியாருக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று.

பூனை, கனவு, கோர்ட்டு எல்லாம் வருதே... ஆலிஸ் கதையைப் பார்த்து எழுதினதுதானே?

லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதையின் சட்டகம் ஹஜபரலவில் இருப்பது உண்மைதான். தூங்கிப்போகும் குழந்தை, பேசும் பிராணிகள், முடிவில் ஒரு விசாரணைக் காட்சி, விழிப்பு. யாரும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே இருப்பவர்கள் வங்காளிகள். முன் பதிலில் சொன்ன காக்கை ஒரு கல்கத்தாக் கணக்குப்பிள்ளை, அது ரூபாய் அணா தம்படியில்தான் யோசிக்கும். பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டுக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் ஆடு, பட்டம் வாங்கியவர்கள் நிறைந்த அந்த ஊரில் மட்டுமே பிறந்திருக்க முடியும். ஆந்தை நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் கோர்ட்டும், கூலிக்குச் சாட்சி சொல்வதும் கல்கத்தாத் தெருவில் பார்த்ததுதான். என் கருத்தில் இது கடன் வாங்கிய சட்டியில் சொந்தச் சமையல்.

படங்கள் கொஞ்சம் கோணலா இருக்கே. முறைப்படி ஓவியம் படிச்சவரா? படம் இல்லாத மலிவுப் பதிப்பு வாங்கினா போதாதா?

ஓவியப் பள்ளியில் படித்த கை அல்ல. உடம்பின் அளவுகள் சில இடங்களில் சரியாக இருக்காது. ஆனால் எதைக் காட்ட வேண்டுமோ அதை ஒரே கோட்டில் காட்டிவிடுவார். பெரும்பாலும் பேனாவும் மையும்தான், சாம்பல் நிறப் பூச்சு கிடையாது. இரண்டாவது பதிலில் சொன்ன பிளாக் தொழில் இங்கே உதவுகிறது. கோட்டுப் படத்துக்குச் செய்யும் லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் எதுவும் இல்லை. மங்கலான கோடு போட்டால் அச்சில் உடைந்துபோகும். இவர் கோடுகள் எல்லாம் அது தெரிந்தவரின் கோடுகள், நூறு வருடம் கழித்து மட்டமான காகிதத்தில் அடித்தாலும் நிற்கின்றன.

படம் இல்லாத பதிப்பு வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 'சித்தப்பாவின் எந்திரம்' என்ற கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி, அதில் மூக்குக்கு முன்னால் பண்டம் தொங்கும், மிட்டாயோ கட்லெட்டோ பூரியோ அவரவர் ருசிப்படி. அதைப் பிடிக்கப் பிடிக்க நடை வேகமாகும், ஐந்து மணி நேர வழியை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். படத்தைப் பார்த்தால், ஆணியும் கட்டையும் கொடுத்தால் தச்சர் இதைச் செய்துவிடுவார் என்று தோன்றும். நடக்க முடியாததை இவ்வளவு துல்லியமாக வரைந்திருப்பதுதான் சிரிப்பு. வேறொருவர் வரைந்த வண்ணப் படங்களோடு பளபளவென்று வரும் பதிப்புகளும் உண்டு. இரண்டாவது பிரதியாக வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்.

எத்தனை வயசுக்கு மேல படிக்கலாம்?

நீங்கள் உரக்கப் படித்துக் காட்டினால் நான்கு வயதிலிருந்தே. தானாகப் படிக்க எட்டு வயது ஆகட்டும்.

உள்ளே வெள்ளைக்காரங்களைத் திட்டி அரசியல் இருக்குன்னு என் பையனோட வாத்தியார் சொன்னார். உண்மையா?

அந்தச் சந்தேகம் வர முதல் காரணம் 'இருபத்தொன்றின் சட்டம்' என்ற கவிதை. சிவபெருமானின் சொந்த நாட்டில் சட்டங்கள் பயங்கரம். வழுக்கி விழுந்தால் சேவகன் பிடித்துப்போவான், அபராதம் இருபத்தொரு ரூபாய். மாலை ஆறு மணிக்கு முன் தும்ம டிக்கெட் வாங்க வேண்டும், வாங்காமல் தும்மினால் அடித்து, மூக்குப்பொடி போட்டு இருபத்தொரு தும்மல் தும்ம வைப்பார்கள். பல் ஆடினால் கட்டணம், மீசை முளைத்தால் வரி. கவிதை எழுதுகிறவர்களைக் கூண்டில் அடைத்து, காதருகே வாய்ப்பாடு ஒப்பித்து, மளிகைக் கடைக் கணக்கை இருபத்தொரு பக்கம் போட வைப்பார்கள். ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாகும் நடந்து நான்கு வருடத்தில் இந்தப் புத்தகம் வந்தது. பெரியவர்கள் இதில் யாரைப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

அதற்காக ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு கவர்னர் பெயரைப் பொருத்திப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தும்மலுக்கு டிக்கெட் என்பது எந்த ஆட்சியிலும் சிரிப்புதான், அதனால்தான் கவிதைக்கு வயதாகவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார மோகத்தைக் கேலி செய்யும் 'டாங்ஷ் கொரு' என்ற கவிதையின் தலைப்பில் உள்ள முதல் சொல், ஆங்கிலோ இந்தியர்களை அன்று இளக்காரமாகக் குறித்த சொல். அதை நான் பிள்ளைகளிடம் படிப்பதில்லை, கேட்கும் பெரியவர்களிடம் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன்.

வங்காளம் தெரியாம இதை ரசிக்க முடியுமா? தமிழுக்குக் கொண்டுவந்தா பாதி போயிடாதா?

சில இடங்களில் போகும். 'வியப்பூட்டும் தண்ணீர்' என்று சொல்லத்தக்க ஒரு குட்டி நாடகம் இருக்கிறது. தாகத்தில் தவிக்கும் வழிப்போக்கன், 'ஜல் பாய் கொதாய்' என்று கேட்கிறான். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அர்த்தம். கூடைக்காரன் காதில் அது 'ஜல்பாய்' என்று விழுகிறது, அது ஒரு புளிப்புக் காயின் பெயர். இது ஜல்பாய் காலம் இல்லையே, மாங்காய் வேண்டுமானால் தரட்டுமா என்கிறான். நேராக மொழிபெயர்த்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் பேருந்தில் போகும்போது நம் சொல்லே கையில் வந்து விழுந்தது. வழிப்போக்கன் கேட்கிறான்: "ஐயா, நீர் எங்கே?" அவர் சொல்கிறார்: "நானா? இதோ, இங்கேதானே நிற்கிறேன்!" கூடையும் மாங்காயும் போயிற்று, தாகம் நின்றது.

சில இடங்களில் தமிழ் தானாகவே வழி விடுகிறது. 'கிச்சடி' என்ற கவிதையில் பிராணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்கின்றன, 'இலக்கணம் நான் பார்ப்பதில்லை' என்று கவிஞரே அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுகிறார். கொக்கும் ஆமையும் வங்காளத்தில் 'பகச்சப்' ஆகும். தமிழில் எழுதிப் பாருங்கள்: கொக்கு, ஆமை, கொக்காமை. நம் புணர்ச்சி விதி இலக்கணத்தை மீறாமலேயே ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. யானையும் திமிங்கலமும் சேர்ந்த 'ஹாத்திமி'யை 'யானைமிங்கலம்' ஆக்கியிருக்கிறேன். அதன் அவஸ்தை எந்த மொழியிலும் புரியும், திமிங்கலப் பாதி தண்ணீருக்குப் போகலாம் என்கிறது, யானைப் பாதி வா தம்பி காட்டுக்கு என்கிறது. அவருடைய எழுத்துகள் காப்புரிமை முடிந்து பொதுவுடைமை ஆகிவிட்டதால் நீங்களும் தாராளமாக முயற்சி செய்யலாம். ஒரே வேண்டுகோள், சந்தத்தை விட்டுவிடாதீர்கள். கைதட்டிப் படிக்க வராத மொழிபெயர்ப்பு பிள்ளைகளிடம் நிற்காது.

35 வயசுல எப்படி இறந்தார்? புத்தகத்தையாவது பார்த்தாரா?

காலா-அசார், தமிழில் கருங்காய்ச்சல் என்பார்கள். மணல் ஈ கடித்துப் பரவும் நோய். மண்ணீரல் வீங்கி, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, ஆளை மெல்ல மெல்ல அரித்துவிடும். 1921-இல் நோய் வந்தது, அதே வருடம் மே 2-ஆம் தேதி மகன் சத்யஜித் பிறந்தார். உபேந்திரநாத் பிரம்மச்சாரி அதே கல்கத்தாவில், அதே வருடங்களில்தான் இந்த நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். அது புழக்கத்துக்கு வந்து பல உயிர்களைக் காப்பாற்றியது, இவர் வரைக்கும் வந்து சேரவில்லை. இந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இரண்டரை வருடப் படுக்கையில்தான் ஹஜபரல எழுதினார். 'ஆபோல் தாபோல்' புத்தகத்தின் பக்க அமைப்பு, அட்டை, படங்கள் எல்லாவற்றையும் படுக்கையிலேயே தயார் செய்தார். கடைசி நாட்களில் தாகூர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்ட பாடல்களைப் பாடினார். செப்டம்பர் 10-இல் உயிர் பிரிந்தது. புத்தகம் செப்டம்பர் 19-இல் வெளிவந்தது. ஒன்பது நாள்.

அப்புறம் பிரஸ், பத்திரிகை எல்லாம் என்னாச்சு?

கர்பார் ரோடு 100-ஆம் எண் வீடு உபேந்திரகிஷோர் கட்டியது, அச்சகமும் குடும்பமும் அங்கேதான் இருந்தன. சில வருடங்களில் தொழில் நொடித்து வீடு கைமாறியது. சுகுமாரின் மனைவி சுப்ரபா சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு தம் சகோதரர் வீட்டுக்குப் போனார். நின்றுபோன சந்தேஷ் இதழை 1961-இல் சத்யஜித்தும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் மறுபடி தொடங்கினார்கள். அப்பாவைப் பற்றிச் சத்யஜித் 1987-இல் ஒரு ஆவணப்படமும் எடுத்தார்.

அப்பா இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டு வயது நான்கு மாதம். அவருக்கு இருந்த சொற்ப நினைவுகளில் ஒன்றைத் தம் பால்யகால நூலில் எழுதியிருக்கிறார். உடம்பு தேற்றுவதற்காகக் கங்கைக்கரையில் சோதேபூரில் தங்கியிருந்த சமயம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார். திடீரென்று, கப்பல் போகுது என்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு நீராவிக் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசிப் பாட்டுல சாவைப் பத்தி எழுதியிருக்காராமே. அதையும் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுறீங்களா?

காட்டுகிறேன். புத்தகத்தின் முதல் கவிதைக்கும் கடைசிக் கவிதைக்கும் ஒரே தலைப்பு, 'ஆபோல் தாபோல்'. கடைசியின் முடிவில் நான்கு வரிகள் வருகின்றன. நான் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறேன்:

ஆதி காலத்து நிலவுக் குளிரு,
கொத்தாய்க் கட்டிய குதிரை முட்டை.
கண்ணைக் கட்டுது தூக்க மயக்கம்,
பாட்டு முடிஞ்சுது, என் முறை தீர்ந்தது.

குதிரை முட்டை என்றால் வங்காளத்தில் 'ஒன்றுமில்லாத விஷயம்' என்று அர்த்தம். நம் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. பரமார்த்த குருவின் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று காசு கொடுத்து வாங்கிவந்த கதை அவர்களுக்குத் தெரியும். அதனால் அந்த வரியில் மாடியே சிரிக்கும். ராஜாவின் அத்தை கையில் இருந்த பூசணிக்காயும் அதுதானா என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு அடங்குவதற்கு முன்பே அடுத்த இரண்டு வரிகளையும் படித்துவிடுவேன், நிறுத்துவதில்லை, குரலையும் மாற்றுவதில்லை. அவர் அவற்றை அங்கே, குதிரை முட்டைக்கு அடுத்த வரியாகத்தான் வைத்தார்.